ரேகை முளைத்த கோடை

மாமாவுக்குப் பட்டாளத்துப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அந்தப் பென்ஷன் புத்தகத்தை அவர் சுண்ணாம்புக் குழியில் போட்டுவிட்டார்.

வேண்டுமென்று போடவில்லை. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் பூட்டில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் புத்தகத்தைச் சட்டையின் உள்பையில் வைத்தபடியே வேலைக்குப் போவார். கப்பலேறிப் போய்ச் சண்டை பார்த்துத் திரும்பிய மனிதர், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஆட்டுத்தோல்களை மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் குனிந்தபோது புத்தகம் நழுவிவிட்டது. மறுநாள் தோல்களோடு அதை வெளியே எடுத்தார்கள். குழைந்துபோன சோறு மாதிரி இருந்ததாம்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அம்மா, நான், அம்மாவின் அண்ணனான இந்த மாமா ஆகிய மூவர்தான் வீட்டில். மாமாவின் கூலியும் பென்ஷனும் சேர்ந்தால்தான் மாதம் முழுக்க அடுப்பு எரியும்.

புதுப் புத்தகம் வாங்க வேலூர் கஜானாவுக்குப் போகவேண்டும் என்றார்கள். அம்மா என்னையும் கூட அனுப்பினாள். மூன்றாம் வகுப்பு முடித்திருந்த நான்தான் எங்கள் வீட்டில் பலகை பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள்.

காட்பாடி வரை ரயில், அப்புறம் ஜட்கா. அதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய கட்டடம் எங்கள் ஊர் ரயில் நிலையம். கஜானா இருந்த கோட்டை அதைப்போலப் பத்து மடங்கு இருந்தது. அகழித் தண்ணீரில் இன்னொரு கோட்டை தலைகீழாகத் தொங்கியது. உள்ளே கஜானாக் கச்சேரியின் வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் நின்றார். மாமா அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவரும் பதிலுக்கு வைத்தார். நாட்டுப் பணம் முழுக்க அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்று நினைத்து மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கஜானா அதிகாரி மூக்குக்கண்ணாடி போட்ட, மெல்லப் பேசுகிற மனிதர். மாமாவின் உயரத்தை அளக்கச் சொன்னார். கழுத்து மச்சத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மாமாவின் கட்டை விரலில் மை தடவித் தாளில் வைத்து எடுத்தார். தாளில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அவ்வளவுதான். அதில் ஒரு கோடுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். மறுபடியும் வெறும் வட்டம்.

“இன்னா வேலை செய்யறீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“தோல் கம்பெனிங்க ஐயா. சுண்ணாம்புக் குழி.”

அதிகாரி அந்த விரலைத் தடவிப் பார்த்தார். “சுண்ணாம்பு ரேகையத் தின்னுடுச்சிங்க. பழைய ரேகையோட ஒத்துப் பாக்காம புதுப் புத்தகம் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. கொஞ்ச நாள் சுண்ணாம்புல கைய வெக்காதீங்க. ரேகை மறுபடி வளரும். வந்ததும் வாங்க.”

ரேகை வளருமா? முடி வளரும், நகம் வளரும், தெரியும். ரேகையைத் தலையெழுத்து மாதிரி ஒரே தடவை எழுதியனுப்பி விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ரயிலில் திரும்பும்போது வழியெல்லாம் என் விரலையும் மாமாவின் விரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபடியே வந்தேன். அவருடையது உரித்த வேர்க்கடலை போல வழவழவென்று இருந்தது.

வீட்டில் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பென்ஷன் வரவேண்டுமென்றால் வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் அதுவரை எதைச் சாப்பிடுவது?

“நீ கையக் கட்டிக்கினு உக்காரு அண்ணா. சோறு என் பாடு” என்றாள் அம்மா.

“நீ எங்க போவ?”

“ஆத்துக்கு அந்தாண்ட மாந்தோப்புல ஆள் கேக்கறாங்க.”

மறுநாளிலிருந்து அம்மா இருட்டோடு கிளம்பிப் போனாள். திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள்.

எனக்குப் பள்ளி விடுமுறை. மாமாவின் விரலுக்கு நான்தான் காவல். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்து எடுப்பேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மாமா பொறுமையிழந்து, “போதும் பாப்பா, பேஜாரா கீது” என்பார். ஆனாலும் விரலை நீட்டுவார். ஒருநாள் காலையில் விரலின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அப்புறம் நாளுக்கு நாள் கோடு கோடாகக் கூடியது. பாலாற்றில் வெள்ளம் வடிந்த பின் மணலில் வரிகள் தெரியுமே, அதுபோல. ஒருநாள் நடுவில் ஒரு சுழியும் வந்தது. ராத்திரியில் யாரோ வந்து வரைந்துவிட்டுப் போகிறார்கள் என்றே நம்பினேன்.

பள்ளி திறப்பதற்குள் மறுபடியும் வேலூர் போனோம். அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய தாள், புதுத் தாள், மறுபடி பழைய தாள் என்று மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, “நீங்கதான்” என்றார்.

மாமா காலைச் சேர்த்து வைத்து நின்று சல்யூட் அடித்தார். அதிகாரி எழுந்து நின்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து புதுப் புத்தகத்தை அம்மாவிடம் காட்டினோம். அம்மா அதைத் தொடாமல், நான் பிடித்திருக்க, பார்த்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கரியைக் குழைத்துக்கொண்டு வந்து, “உன் விரலையும் வெச்சிப் பாக்கலாம்மா” என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவளின் கையை விடாமல் பிடித்துத் தாளில் அழுத்தினேன்.

கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் விழுந்தது.

மாமா எட்டிப் பார்த்தார். அம்மாவின் கையை இழுத்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருந்தது.

“மாந்தோப்புன்னியே?”

“தோல் கம்பெனிதாண்ணா. மயிர் அலசற வேலை.”

“சுண்ணாம்புல ஊறின மயிரா?”

“வுடுண்ணா. என் ரேகைய எந்தக் கஜானாவுல கேக்கப் போறாங்க?” என்று சொல்லி அம்மா சிரித்தாள்.

மாமா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். பென்ஷன் கிடைத்த நாளில் இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. அம்மா ஒழுங்காக அழுத்தவில்லை, அதனால்தான் கோடு விழவில்லை என்று நினைத்தேன். கரியை இன்னும் கொஞ்சம் தடவி, “நல்லா அழுத்தி வெய்ம்மா” என்று மறுபடியும் அவள் கையைப் பிடித்தேன்.