காலியாக விட்ட கட்டம்

எங்கள் நூலகத்தில் அவருக்குப் புள்ளியக்கா என்று பெயர். நூற்பட்டியலில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் நம்மை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். காலிக் கட்டம் என்றால் சுத்தமாக ஆகாது. பக்க எண்ணிக்கை தெரியாவிட்டால் அலமாரிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பழைய பட்டியலைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை வந்தது. நாற்பதாயிரம் பதிவுகள். பழையதில் நூறாம் எண் கட்டத்தில் ஆசிரியர், இருநூற்று நாற்பத்தைந்தில் தலைப்பு. புதியதில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனிப் பதிவு. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிறந்த ஆண்டைப் பார்த்துத்தான் கணினி பிரிக்கும். ஆண்டு இல்லாவிட்டால் இருவரையும் ஒருவராக்கிவிடும்.

அதில் மாட்டிக்கொண்டார் அக்காவின் வீட்டுக்காரர். அவர் எலக்ட்ரீஷியன். ஆறு வருடம் மெனக்கெட்டு, வீட்டு வயரிங் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதியவர். சோதனை ஓட்டத்தில் அது, அதே பெயர்க்காரர் ஒருவரின் பதினோரு காதல் நாவல்களுக்குக் கீழே பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அன்று அக்கா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டார். திரையில் இருப்பதையெல்லாம் காலையிலிருந்து நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் கண்ணாடியோடு வந்த மாமா, திரையைப் பார்த்ததும் வாடிப்போனார்.

"நான் எழுதுனது ஒண்ணே ஒண்ணு. அதையும் அந்த ஆள் பேர்ல சேர்த்துட்டீங்களே."

"உங்க பொறந்த வருஷத்தைப் போட்டா பிரிஞ்சிடும் மாமா. சாயங்காலம் மொத்தப் பட்டியலையும் மாத்திடுவாங்க, அதுக்குள்ள போடணும். அப்புறம் பிரிக்கிறது பெரும்பாடு."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, கல்யாணத்தப்போ எங்கம்மா என் வயசுல மூணு வருஷம் கூட்டிச் சொல்லிட்டாங்க. நெஜத்துல நான் உன்னைவிட ஒரு வருஷம் சின்னவன்."

"தெரியுங்க," என்றார் அக்கா. "உங்க புத்தகத்துப் பின்னட்டையிலயே வருஷம் இருக்கே. எழுதிக் குடுத்துட்டு மறந்துட்டீங்க."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தப் புத்தகத்தைப் பதிவு செய்தவர் அக்காதான். தெரிந்தே அவர் காலியாக விட்ட கட்டம் அந்தப் பிறந்த ஆண்டு ஒன்றாகத்தான் இருக்கும்.

"அப்பவே ஏன் போடல?"

"நீங்களா சொல்லட்டும்னுதான்."

மாமா அசடு வழிந்தார். "இனிமே உன்னை அக்கான்னு கூப்பிடணுமா?"

"ஊரே கூப்பிடுது, நீங்களும் கூப்பிடுங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து வர எழுந்தேன், ஆண்டைச் சரிபார்க்க வேண்டுமே.

அதற்குள் அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து நான்கு இலக்கங்களையும் அடித்து முடித்திருந்தார். கண்ணாடி இன்னும் மாமாவின் கையில்தான் இருந்தது.