முப்பத்தோராம் பிள்ளை

ஜனவரி மாதத்துப் பள்ளிக்கூட பஸ் என்றால், புதுச் சப்பாத்துக்குப் பூசிய வெள்ளை இன்னும் காயாத அந்த வாசம்தான் முதலில் எனக்கு நினைவுக்கு வரும். மடவளையில் ஏறும்போது பால் மாதிரி இருக்கிற சப்பாத்து, கட்டுகஸ்தோட்டைப் பாலம் வருவதற்குள் நாலு பேரிடம் மிதி வாங்கி, கண்டியில் இறங்கும்போது போன வருஷத்துச் சப்பாத்தாகிவிடும். மிதித்தவர்களிலும் குற்றமில்லை. மிதிபலகையில் தொங்கியபடி கொண்டக்டர் "பொட்டக் இஸ்ஸரஹட்ட, பொட்டக் இஸ்ஸரஹட்ட" என்று விடாமல் கத்திக்கொண்டு வருவார். கொஞ்சம் முன்னுக்குப் போங்க என்பதற்கு அவருடைய சிங்களம் அது.

எங்கள் பக்கத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்பதில்லை, "எத்தனையாம் பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். ஆறாம் ஆண்டு தொடங்கியபோது, நான் முதலாம் பிள்ளையாக வருவேன் என்று வாப்பாவிடம் வாக்குக் கொடுத்தேன். மடவளை பசாரில் சில்லறைக் கடை வைத்திருந்த வாப்பா அதை நம்பியதோடு நிற்காமல், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார். வருஷக் கடைசியில் முப்பத்தெட்டுப் பேரில் நான் முப்பத்தோராம் பிள்ளை.

கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது, "எத்தனையாம் புள்ள மகள்?" என்று வாப்பா கேட்டார். "நாலாம் புள்ள வாப்பா" என்றது என் வாய். வீட்டில் எனக்கு மூத்தவர்கள் மூன்று பேர், ஆகவே அது முழுப் பொய்யுமில்லை. வாப்பா டொபிப் போத்தலைத் திறந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அன்று பின்னேரமே கையெழுத்துக்காக ரிப்போட்டை நீட்ட வேண்டி வந்தது. முப்பத்தொன்று என்ற எண்ணைப் பார்த்த வாப்பா பேனையை எடுத்தார். "நீ பொய் செல்லல்ல மகள். ஊட்டுல நீ நாலாம் புள்ளதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு வாப்பா அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவேயில்லை. அவர் திரும்பக் கேட்க வேண்டும், நான் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் ஆசை.

ஏழாம் ஆண்டின் முதல் நாள், வகுப்பு டீச்சர் புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் இந்த வருஷத்து இலக்கை எழுதச் சொன்னார். வாங்கிப் பார்த்துவிட்டு, "முப்பத்தேழு பேர் முதலாம் பிள்ளை. முப்பத்தேழு பேரும் ஒரே கதிரையில எப்படி இருக்கப் போறீங்க? ஒருத்தி மட்டும் முப்பதாம் பிள்ளை. யாரது?" என்றார். வகுப்பே சிரித்தது. நான் எழுந்து நின்றேன்.

"ஏன் முப்பது?"

காலையில் பஸ்ஸில் மிதிபட்ட சப்பாத்தைக் குனிந்து பார்த்தேன். அந்தக் கொண்டக்டர் யாரையும் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லவில்லையே, ஓரடி நகரத்தானே சொன்னார்! "பொட்டக் இஸ்ஸரஹட்ட டீச்சர்" என்று வாயில் வந்துவிட்டது. டீச்சரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

என் பக்கத்தில் இருந்த ரினோஸா, வாய்க்காரி, துள்ளி எழும்பினாள். "போன வருஷம் முப்பதாம் பிள்ள நான்தான் டீச்சர்! இவ எங்க இருக்கப் போறா, என் மடியிலயா?" என்று கேட்டவள், தன் கொப்பியைத் திரும்ப வாங்கி, முதலாம் பிள்ளை என்றிருந்ததை வெட்டி, இருபத்தொன்பது என்று எழுதினாள். அவள் நகர்ந்தால்தானே எனக்கு இடம்!

அன்றிலிருந்து பாலம் வரைக்கும் வாய்ப்பாடு, பாலம் தாண்டினால் விஞ்ஞானம் என்று பஸ்ஸிலேயே படித்தோம். "முப்பதுக்கா இவ்வளவு பாடு?" என்று வீட்டில் அண்ணன், எங்கள் பேச்சில் நானா, கிண்டல் பண்ணுவார். முதலாம் தவணையில் கடுகண்ணாவையிலிருந்து கெட்டிக்காரி ஒருத்தி புதிதாக வந்து சேர, நான் முப்பத்திரண்டுக்குப் போனேன். "இடையில ஆள் ஏத்துறாங்கடி!" என்று ரினோஸா தலையில் அடித்துக்கொண்டாள்.

வருஷக் கடைசியில் எனக்குக் கணக்கில் முப்பத்தொன்பது புள்ளி. வாழ்க்கையில் முதன்முறையாகக் கணக்கில் பாஸ். நேரே கடைக்குப் போனேன். வாப்பா என்னைப் பார்த்தார், கேட்கவில்லை. நானே, "வாப்பா, நான் இருபத்தொன்பதாம் புள்ள. ஊட்டுல இல்ல, வகுப்புல" என்றேன். சீனி வாங்க வந்த ஒருவர் சிரித்துவிட்டார். வாப்பா அவரிடம் திரும்பி, "என்ன சிரிப்பு? மகள் ரெண்டு பேர முந்தீக்கிறா. நீங்க இந்த வருஷம் யார முந்தின?" என்று கேட்டுக்கொண்டே டொபிப் போத்தலைத் திறந்தார்.

"மூணு பேர் வாப்பா. ஒருத்தி இடையில முன்னுக்கு ஏறிட்டாளே."

"அப்ப உங்களுக்கு மூணு டொபி" என்று சிரித்தவர் கையிலும் திணித்தார் வாப்பா. அடுத்த வருஷம், நான் கடைவாசலில் கால் வைக்கும்போதே அந்தப் பழைய கேள்வி வந்தது.

இப்போது வாப்பாவும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. அந்த இடத்தில் நானாவின் மகன் போன் விற்கிறான். என் மகளின் ரிப்போட்டில் எத்தனையாம் பிள்ளை என்ற கட்டமே கிடையாது, அதுவும் நல்லதுதான். பஸ்ஸில் மட்டும் இன்றைக்கும் அதே சத்தம்.

ரினோஸா அந்த வருஷம் இருபத்தெட்டாம் பிள்ளை. போன மாதம் அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தி கேட்டு, உடனே போன் எடுத்தேன். "எத்தனையாம் பிள்ளடி?" என்றேன்.

"மூணாம் பிள்ள!" என்றாள். "பாத்தியா, கடைசியில மூணுக்குள்ள வந்துட்டேன்."

ஒரு போத்தல் டொபி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன்.