மாற வேண்டாம் என்று ஒட்டினோம்

இன்று காலை ஒரகடம் சாலையோரம் யாரோ சுவரொட்டிக்கு மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு உங்களுக்குப் பசிக்கலாம். எனக்குக் கோபம் வரும். வயதுக்கேற்ற கோபம்தான், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கி அடங்கிவிடும்.

சில வருடங்களுக்கு முன்பு இந்தச் சாலையின் கம்பங்களில் ஒரு கிளினிக்கின் விளம்பரம் இருந்தது. ஆணை விரும்பும் ஆணையும் பெண்ணை விரும்பும் பெண்ணையும் குணப்படுத்துவார்களாம். மூலம், பௌத்திரத்துக்கு அடுத்த வரியில் நாங்கள் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் சேரப்பணஞ்சேரி தேவியும். எனக்கு ஆண்களைப் பிடிக்கும், அவளுக்குப் பெண்களை. வீட்டார் பார்த்த வரன்கள் தப்பித்தார்கள். உதிரிபாகக் கம்பெனியில் அவள் லைன் லீடர், நான் ஸ்டோர்ஸ். அந்த விளம்பரங்கள் மேலேயே எங்கள் நோட்டீஸை ஒட்டினோம்: 'உங்களுக்கு ஒரு நோயும் இல்லை. மாற்றுகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். பேச அழையுங்கள்.' வாசகமும் எண்ணும் என்னுடையவை.

போன் ஓயவில்லை. புரட்சி வந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் இந்தப் பக்கம் கம்பத்தில் காகிதம் இருந்தால் அது ஆள் எடுக்கும் விளம்பரம். வாசகத்தை யார் படிக்கிறார்கள்? "சார், ஐடிஐ ஃபிட்டர். கம்பெனி பஸ் உண்டா? ஓ.டி. தருவீங்களா?"

"இன்னாண்ணே, பேசாம லேபர் கான்ட்ராக்டர் ஆயிடு" என்றாள் தேவி.

செல்வமும் அப்படித்தான் ஆரம்பித்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் அறை. "வேல இருக்கா அண்ணாச்சி?" என்றவன், போனோடு மொட்டைமாடிக்கு ஏறிப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "ரூம்ல பயலுவ இருந்தானுவ, அதான். நோட்டீஸப் படிச்சேன். ஞாயித்துக்கெழம மாமா வாராவ, என்னைய அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவ. கரண்டு வைப்பாங்களாம்."

அவனுக்கு உரிமைகளைப் பற்றி விரிவாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரி அண்ணாச்சி. நெசமாவே வெளியூர்ல ஒரு வேல வாங்கித் தருவியளா? தங்க எடத்தோட?"

நான் படித்த புத்தகங்களில் இதற்குப் பதில் இல்லை. தேவிதான் அலைந்து, ஓசூரில் ஹாஸ்டலோடு ஒரு வேலை பிடித்தாள். வெள்ளிக்கிழமை மாலை சொல்லப் போனால், அறைக்காரம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அவுங்க மாமா காலைலயே வந்து இட்டுகினு பூட்டாரேப்பா. ஒடம்பு செரியில்லியாம்."

கிளினிக்குக்கு ஓடினோம். எங்களைப் பார்த்த காவலாளி டோக்கன் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். யாரை நொந்துகொள்வது? உட்கார்ந்தோம். செல்வம் என்று யாரும் வரவேயில்லை என்றார்கள்.

பிறகு நீதிமன்றம் இந்த வைத்தியமே கூடாது என்றது. சாலையை அகலப்படுத்தியபோது கம்பங்களும் போயின. கிளினிக்கில் போனது பலகை மட்டும். அதே டாக்டர் இப்போது 'குடும்ப நல ஆலோசனை' தருகிறார். செல்வத்தின் எண்ணை இன்னமும் அழுத்திப் பார்க்கிறேன். உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல், தமிழிலும் ஆங்கிலத்திலும், மிகுந்த பணிவோடு.