ஒரே மலைக்கு இரண்டு வேன்

ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்களில் நடந்தது இது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் ஒரு கம்பெனியில் நானும் என் கணவரும் வேலை பார்க்கிறோம். அவர் வெடிமருந்து கலக்குகிற அறையில், நான் பெட்டி போடுகிற இடத்தில். சீசன் நேரத்தில் தலை நிமிர முடியாது. தீபாவளி போனதும் சில வாரங்களுக்கு வேலையே இருக்காது. அப்போது எங்கள் ஆட்கள் காசு போட்டு வேன் பிடித்து எங்காவது சுற்றிவிட்டு வருவார்கள்.

எல்லாரும் போவார்கள், நாங்கள் மட்டும் போக மாட்டோம். காரணம், வீட்டு லோன். ஆனைக்குட்டம் போகிற பாதையில் பேங்க் கடன் வாங்கி இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டினோம். அன்றைக்குப் பிடித்தது சனியன். சேலை கேட்டால் லோன் இருக்கு என்பார். மிக்சி ஓடவில்லை என்றால் லோன் இருக்கு என்பார். தலைவலி என்று படுத்தால்கூட அதே பதில்தான். கொடுமைக்கார மாமியார் வாய்த்திருந்தால்கூட என்னை இந்தப் பாடு படுத்தியிருக்க மாட்டாள்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் டிவியில் போடுகிற சோகமான காதல் படங்கள். காதலர்கள் பிரிந்தால் போதும், கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிடுவேன். அதையும் நிம்மதியாகப் பார்க்க விட மாட்டார். குறுக்கே வந்து நின்றுகொண்டு, செத்தவன் அடுத்த வாரம் வேறு படத்தில் ஆடுவான், நீ எதற்குக் கரண்டைச் செலவு பண்ணி அழுகிறாய் என்பார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று முடிவே கட்டியிருந்தேன்.

அந்த வருடம் கொடைக்கானலுக்கு இரண்டு வேன் கிளம்புவதாகப் பேச்சு வந்தது. இந்தத் தடவை விடுவதில்லை என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சோறு தண்ணி இல்லாமல் கிடந்து பார்த்தேன். கடைசியில் அவரே அலுத்துப்போய்ச் சரி என்றார். பள்ளிக்கூடம் இருந்ததால் பிள்ளைகளை என் அக்கா வீட்டில் விட்டோம். கல்யாணமான பிறகு இரண்டு பேருமாகப் போகிற முதல் பயணம். நல்ல சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

வண்டியில் ஏறும்போது, "நீ பின்னாடி வேன்ல ஏறு" என்றார். அவர் உட்கார்ந்திருந்த முதல் வேனில் பக்கத்து சீட் காலியாகத்தான் கிடந்தது. ஏன் என்று கேட்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட வந்த பெண்கள் சிரிப்பை அடக்கியதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் வேனில் மலை ஏறும்போதே ஒரு காதல் படம் போட்டார்கள். முடிவில் இரண்டு பேரும் கை கோத்தபடியே செத்துப்போகிறார்கள். வேன் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். எல்லாரையும்விட நான்தான் அதிகமாக அழுதேன். சாகும்போதுகூட அவன் அவள் கையை விடவில்லை. எனக்கு வாய்த்தவரோ உயிரோடு இருக்கும்போதே தனி வண்டியில் போகிறார்.

அப்போதுதான் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. அதற்கு ஒதுங்கப்போன எங்கள் வேன் ஓரத்துச் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. முன் சக்கரம் ஒன்று வெளியே அந்தரத்தில் நிற்க, கீழே பள்ளம். டிரைவர் யாரையும் அசைய விடாமல், பின்பக்கமாக ஒவ்வொருத்தராக இறங்க வைத்தார். நெற்றியில் ஒரு புடைப்போடு நான் தப்பித்தேன். மற்றவர்களுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

முதல் வேன் மேலே அருவிப் பக்கம் நின்றிருக்கிறது. கீழே ஒரு வண்டி சுவரில் மோதிக் கிடப்பதாக யாரோ சொல்லிவிட்டுப் போக, அவர் அங்கிருந்தே ஓடி வந்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

பாவம் என்று தோன்றாமல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"பொண்டாட்டி பக்கத்துல ஒக்காந்து வரக்கூட ஒங்களுக்குக் கசக்குதா? படத்துல அவன் செத்தாலும் சேந்து செத்தான். நீங்க இப்ப எதுக்கு ஓடி வந்தீக?"

அவர் தலை குனிந்தபடியே, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"சேந்து செத்துட்டா பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? கம்பெனியில புருசனையும் பொண்டாட்டியையும் ஒரே ரூம்ல போட விடுறோமா? அதே கணக்குத்தான். மருந்து ரூம்ல நான் என்னைக்கு வேணும்னாலும் போயிருவேன். அன்னைக்கு நீ வாடகை வீட்டுல நிக்கக் கூடாதுன்னுதான் இந்த லோன். ஒனக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்னு மட்டும் நெனச்சே பாக்கல."

எங்கள் கம்பெனிகளில் புருஷன் பெண்டாட்டி ஒரே அறையில் உட்காராதது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒன்று வெடித்தால் ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பதுதான் காரணம். அந்தப் பயத்தை இவர் வீடு வரைக்கும், மலை வரைக்கும் சுமந்துகொண்டு அலைகிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, படம் பார்த்து அழுததைவிட அதிகமாக அழுதேன். இவ்வளவையும் மனசில் வைத்திருக்கிற மனுஷன் அதை ஒருநாளாவது வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? அந்த எரிச்சல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

மலை இறங்கும்போதாவது பக்கத்தில் உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். எங்களுக்குப் பேசிய வேறு வண்டி வந்ததும், என் சீட்டைத் தட்டிப் பார்த்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார். பிறகு போய் முன் வண்டியில் ஏறிக்கொண்டார். திருந்துகிற ஜென்மமா அது?

லோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, சேலைக்கு இன்னும் அதே பதில்தான். சோகப் படங்களை நானும் விடவில்லை. ஆனால் கடைசியில் கை கோத்துக்கொண்டு இரண்டு பேரும் சாகிற கட்டம் வந்தால் முன்போல அழுகை வருவதில்லை. ஒருத்தராவது பிழைத்துக் கிடந்து வீட்டைப் பார்க்க வேண்டாமா என்று அந்த இரண்டு பேர் மேலும் கோபம்தான் வருகிறது.