மூன்று அப்பாக்கள் வந்து நின்ற ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. பேருந்து ஓட்டுகிறாள். கல்யாணம் வேண்டாம், குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய், முகம் தெரியாத யாரோ கொடுத்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் ஏற்றிக்கொண்டு வந்தாள். மூன்றாம் மாதம் வீட்டில் சொன்னாள்.

"ஆம்பள இல்லாம புள்ளையா? யார் காதுல பூ சுத்துற?" என்றார் அப்பா.

"நான் இன்னும் கன்னிதாம்பா. டாக்டரம்மாவையே கேட்டுப் பாருங்க."

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். அக்கா சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டிருப்பாள். எனக்கு அப்பா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம். தனியாகக் கேட்டேன். "ஏன்க்கா, குழாயெல்லாம் கணக்குல வராதா?"

"பல் டாக்டர் வாயில குழாய விடுறாரே, அதுக்குப் பேரு முத்தமா?"

இரண்டு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தோம்.

அப்பா டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பாரா? அக்காவின் வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும், நேரே அவள் வேலை செய்யும் டிப்போவுக்குப் போய், "எவன்டா அவன்?" என்று கத்திவிட்டு வந்தார். டிப்போக்காரர்களுக்கு அக்கா என்றால் உயிர். அவள் பெயர் கெடக்கூடாதே என்று நல்ல மனசோடு கிளம்பினார்கள், பாவிகள்.

ஞாயிறு காலை ஒரு கண்டக்டர் பழப்பையோடு வந்து, "நாந்தான் சார்" என்றார். அவருக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் ஒரு மெக்கானிக். "தப்பு என்னோடதுதான் சார்." பின்னாலேயே அறுபதை நெருங்கும் டிரைவர், பல் செட்டைச் சரிசெய்துகொண்டு, "என்னை மன்னிச்சிருங்க." ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. மூவரும் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து முறைத்துக்கொண்டார்கள்.

"எப்ப நடந்துச்சு?" என்றார் அப்பா, பழைய பரிசோதகர் குரலில்.

"போன மாசம் சார்," என்றார் மெக்கானிக். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள்.

அப்பா சிரிக்கவில்லை. "பஸ்ல கிடந்த பைக்கு மூணு பேர் சொந்தம் கொண்டாடினா, மூணு பேருமே புளுகுறானுங்கன்னு அர்த்தம். முப்பது வருஷம் பாத்திருக்கேன்." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நீ சொன்னது நிஜந்தானா?"

"ஆமாம்பா."

"அப்ப ரெண்டு மாசமா நான் யார் மேலம்மா கோவப்பட்டேன்?"

"என் மேலதாம்பா."

அப்பாவின் முகம் கோணிக்கொண்டது. எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். சோபாவில் இருந்த மூன்று அப்பாக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.