மாப்புக்கட்டை அறுத்த கம்பி

இர்மா கிலோத்ரான் எங்கள் ஊர் யுரேனிய ஆலையில் பதினோரு வருஷம் தரை துடைத்தவள். ஆலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். படகோனியாக் காற்றில் தகரம் படபடக்கிற நாலு கொட்டகை, ஒரு புகைபோக்கி, சுற்றிலும் முள்கம்பி, வாசலில் தேசியக் கொடி, அவ்வளவுதான். காற்று அந்தக் கொடியை மூன்று மாதத்தில் கந்தலாக்கிவிடும், இவர்களும் சளைக்காமல் புதுசு மாற்றுவார்கள். கூரை ஒழுகுவதைத்தான் ஒருத்தரும் மாற்றவில்லை. ஒழுகிய தண்ணீரையெல்லாம் துடைத்தவள் இர்மா.

அவள் அப்பா பெரிய பண்ணைகளில் ஆட்டு ரோமம் கத்தரித்துக் கூலி வாங்கியவர். இவள் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். எண்ணெய்க் கிணற்று வேலை பார்த்த ஒருத்தனைக் கட்டினாள். அவன் வடக்கே புதுக் கிணறு என்று போனவன் போனவன்தான், ஒரு கடுதாசிகூட இல்லை. கையில் இருந்தது கிராசியெலா என்று ஒரு பெண் குழந்தை. ஆலையில் ஃபோர்மேனாக இருந்த லாலோ பெரோந்தோதான் அந்தக் குழந்தைக்கு ஞானத்தகப்பன். இர்மாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதை அவள் எந்நாளும் மறுத்ததில்லை.

எங்கள் நாடும் பக்கத்து வீட்டுப் பிரேசிலும் ஒருத்தரையொருத்தர் பார்த்து, 'அவன் திருட்டுத்தனமா அணுகுண்டு செய்யறான்' என்று எத்தனையோ வருஷம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள். 1991-ல் புத்தி வந்தது. உன் வீட்டுச் சாமானை நான் வந்து எண்ணுகிறேன், என் வீட்டுச் சாமானை நீ வந்து எண்ணு, ஒரு கிலோ குறைந்தாலும் கேள்வி கேட்போம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் கொள்கை என்று பேப்பர்காரன் பத்தி பத்தியாக எழுதினான். எங்கள் ஆலையில் அந்தக் கொள்கை என்பது ஒரு மெல்லிய கம்பி, அதன் முடிச்சில் காசளவுக்கு ஒரு உலோக மூடி, மூடியில் ஒரு நம்பர். கிடங்கில் அறுபத்துநாலு பீப்பாய். பீப்பாய்க்கு ஒரு கம்பி.

எண்ண வந்தவர் நொரோன்யா என்கிற பிரேசில்காரர். குட்டையான மனிதர், எங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவார். பேசுவதில் பாதி ஸ்பானிஷ், பாதி அவர் பாஷை. முதல் நாளே இர்மா அவரிடம் வாயைக் கொடுத்தாள்.

"எண்ணத்தானே வந்தீங்க? தொண்ணூறு உலகக் கோப்பை ஃபுட்பால்ல எங்ககிட்ட வாங்கின கோலையும் சேர்த்து எண்ணிக்கங்க."

"அது ஒண்ணுதானேம்மா, விரல் விட்டு எண்ணியாச்சு," என்றார் அவர். "கம்பி பக்கம் மட்டும் பார்த்துத் துடைங்க. இது பூட்டு இல்ல. நகவெட்டியால கூட அறுத்துடலாம். அறுத்தா அறுத்ததுன்னு காட்டும், அதுக்கு மேல ஒண்ணும் செய்யாது."

"அவ்வளவுதானா?"

"அது போதும்மா. அதுக்குத்தான் விமானம் ஏறி வர்றேன்."

அன்றிலிருந்து இர்மா தினம் காலையில் வாளியை வைத்துவிட்டு அறுபத்துநாலு கம்பியையும் ஒவ்வொன்றாய் விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லவில்லை, சம்பளத்தில் சேர்த்தியும் இல்லை. லாலோ கிண்டல் பண்ணுவான். "என்ன, மாடு கட்டுத்தறியில இருக்கான்னு பார்க்கறியா?" அவள் கண்டுகொள்ளமாட்டாள். பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் நிறைந்த அந்த ஆலையில், கொள்கை கொள்கை என்கிறார்களே, அதைத் தினமும் கையால் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் இந்தத் துப்புரவுக்காரி. வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்கிறேன்.

1996 அக்டோபரில் ஒருநாள் காலை நாற்பத்தொன்றாம் பீப்பாயின் கம்பி இரண்டாய்த் தொங்கியது. இர்மா வாளியை அப்படியே போட்டுவிட்டாள். நேரே லாலோவிடம் ஓடினாள்.

"கத்தாத," என்றான் லாலோ. "நான்தான் வெட்டினேன். நேத்து சாயங்காலம் மாகாண மந்திரியோட மச்சான் வந்திருந்தாரு. உள்ள என்னதான் இருக்குன்னு பார்க்கணும்னாரு. இன்ஜினியர் வெட்டுன்னாரு, வெட்டினேன்."

"மந்திரிகூட இல்லையா? மச்சானா?"

"கறுப்புத் தூளைப் பார்த்துட்டு, 'இவ்வளவுதானா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

"பிரேசில்காரங்களுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க. நீ தரையைப் பாரு."

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு காகிதத்தோடு போயிருக்கும், அடுத்த முறை வந்து புதுக் கம்பி போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இன்ஜினியர் அஸ்த்ராதா, அதாவது ஆலையின் டைரக்டர், மறந்துபோனார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் ஃபோன் வந்தது. பிரேசில்காரர்கள் முன்னறிவிப்பில்லாமல் விமானம் ஏறிவிட்டார்கள், மத்தியானம் வாசலில் நிற்பார்கள். அப்போதுதான் ஐயாவுக்கு நாற்பத்தொன்று ஞாபகம் வந்தது. இர்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா," என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாத்தே என்கிற எங்கள் ஊர்க் கசப்புத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி, தான் உறிஞ்சும் குழலோடேயே அவள் பக்கம் நீட்டினார். இர்மா வாங்கிக் குடித்தாள்.

"சின்ன உதவி. துடைக்கும்போது மாப்புக்கட்டை மாட்டிக் கம்பி அறுந்துடுச்சுன்னு ஒரு அறிக்கை. நீ கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

"நான் அறுக்கலியே ஐயா."

"யாரு அறுத்தான்னு எனக்குத் தெரியாதா? டைரக்டரே வெட்டச் சொன்னார்னா நாட்டோட மானம் போகும். துப்புரவுக்காரி கை தவறிடுச்சுன்னா யாருக்கு என்ன போச்சு? உனக்கு வாய்வார்த்தையா ஒரு எச்சரிக்கை. அவ்வளவுதான்."

"எனக்கு மானம் கிடையாதா?"

அஸ்த்ராதா கதவோரமிருந்த லாலோவைப் பார்த்தார். லாலோ தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். "போட்டுடு இர்மா. ஆட்குறைப்பு லிஸ்ட் தயாராகுது. இதுல என் பேர் அடிபட்டா நான் வெளியிலதான். உன் பொண்ணுக்கு நான் யாருன்னு நினைச்சுப் பாரு."

"நினைச்சுப் பார்க்கறதாலதான் உன்னைத் திட்டாம நிக்கறேன்," என்றாள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

அவள் கையெழுத்து இல்லாமலே அறிக்கை போயிற்று. துப்புரவுப் பணியாளர் இர்மா கிலோத்ரான், வயது 41, தரை துடைக்கையில், அக்டோபர் 17 வியாழக்கிழமை, தற்செயலாக. கீழே அஸ்த்ராதாவின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை முத்திரை குத்தி மறைத்தார்கள்.

நொரோன்யா கிடங்குக்குப் போய் வந்தார். கூட்ட அறையில் உட்கார்ந்து அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "இந்த அம்மாவைக் கூப்பிடுங்க" என்றார். இர்மா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"இதுல எழுதியிருக்கறது சரியாம்மா?"

அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல்லில் வேலையும் நிலைக்கும், லாலோவும் தப்புவான். அவளுக்கு அது தெரியாமலில்லை.

"கிடங்கைச் செவ்வாய், வெள்ளிதான் துடைப்பேன்," என்றாள். "வியாழக்கிழமை கம்பியைத் தொட்டுப் பார்க்கத்தான் போவேன், மாப்பு அந்தப் பக்கமே போகாது. பொய் எழுதறவங்க என்னைக்குத் துடைக்கறேன்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்புறம் சார், மாப்பு மாட்டி இழுத்தா கம்பி நீளும், பிசிறு பிசிறா அறும். இது ரெண்டு முனையும் மட்டமா இருக்கு. இடுக்கி வெட்டு."

"முனையை நானும் பார்த்தேன்," என்றார் நொரோன்யா. பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

லாலோ பெயரை அவள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஊர் கவனிக்கவில்லை.

மூன்று நாள் அறுபத்துநாலு பீப்பாயையும் நிறுத்தார்கள். ஒரு கிராம் குறையவில்லை. நாடு தப்பித்தது, ஒப்பந்தம் தப்பித்தது. அஸ்த்ராதாவை ஆறு மாதத்தில் தலைநகருக்கு மாற்றினார்கள், பெரிய பதவி. உலக மாநாடுகளில் போய், பக்கத்து நாட்டோடு ஒளிவுமறைவில்லாமல் இருப்பது எப்படி என்று பேசினார். லாலோ இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தான், பிறகு அவனையும் அனுப்பினார்கள். இர்மாவின் வேலை ஒப்பந்தத்தையோ, சோதனை முடிந்து வந்த மார்ச்சிலேயே புதுப்பிக்கவில்லை. அதே மாதம் நாற்பது பேருக்கு வேலை போயிற்று. அந்த லிஸ்ட் முந்தின வருஷமே தலைநகரில் போட்டது. ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பியையும் அறுத்துவிட்டு, பிரேசில்காரனிடம் போய் ஆலையையும் காட்டிக்கொடுத்தாள் என்று பேச்சு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ரொட்டிக் கடையில் அவள் வந்தால் பேச்சு நிற்கும். பள்ளியில் கிராசியெலாவை 'மாப்பு மகளே' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முதல் நடனம் ஆட ஞானத்தகப்பன் வரவேண்டும், லாலோ வரவில்லை. அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனோடு வாசலிலேயே நின்றது. இர்மா அன்றைக்கு அழவில்லை. அடுப்படியில் ஒரு தட்டை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தாள், பிறகு தானே கூட்டி அள்ளினாள்.

அவளுக்கு ஒரே ஒரு நப்பாசை இருந்தது. நொரோன்யா எழுதினாரே, அந்தக் காகிதம். இவள் பொய் சொல்லவில்லை என்று உலகத்தில் எங்காவது எழுதியிருந்தால் அதில்தான். நொரோன்யாவை அனுப்பிய, இரண்டு நாட்டுக்கும் பொதுவாகப் பிரேசிலில் இருக்கிற சோதனை அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாள். என் பேர் வருகிற ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள், கண்ணாடி போட்டு மாட்டப்போவதில்லை, ரொட்டிக் கடையில் காட்டினால் போதும் என்று எழுதினாள். மரியாதையான பதில் வந்தது. சோதனை அறிக்கைகள் ரகசியம், இரு அரசுகளைத் தவிர யாருக்கும் தருவதற்கில்லை. நாலு கடிதம், நாலு பதில், எல்லாவற்றிலும் அதே வரி. பொய் ஊர்ச் சந்தியில் திரிகிறது, உண்மை இரும்பு அலமாரியில் பாதுகாப்பாக இருக்கிறது. என்ன எழவு கொள்கையோ.

2016 ஜூலையில் ஒப்பந்தத்துக்கு இருபத்தைந்து வருஷம் என்று எங்கள் ஊர் விளையாட்டுக் கழகக் கூடத்தில் விழா வைத்தார்கள். சிறப்புப் பேச்சாளர் அஸ்த்ராதா. சாப்பாட்டுக்கு இருநூறு எம்பனாதா வேண்டும் என்று மாதா கோயில் பெண்களிடம் சொன்னார்கள். அறுபத்தொரு வயது இர்மா அதில் ஒருத்தி. மாவு பிசைந்து, கறி வைத்து மடித்து, சுட்டு, தட்டில் அடுக்கிக்கொண்டு கூடத்தின் ஓரமாக வந்தாள். அஸ்த்ராதா மேடையில் பேசிக்கொண்டிருந்தார். தலை பஞ்சாய் நரைத்திருந்தது, குரல் மட்டும் அதே வெண்ணெய்.

"ஒரு தமாஷ் சொல்றேன்," என்றார். "இந்த ஊர் ஆலையில துப்புரவுக்கு ஒரு அம்மா இருந்தாங்க. நல்ல மனுஷி, ஆனா துடைக்கறது கொஞ்சம் முரட்டுத்தனம். ஒருநாள் மாப்புக்கட்டை போட்ட போடுல முத்திரைக் கம்பி அறுந்துபோச்சு. அந்த ஒரு மாப்புக்காகப் பிரேசில்காரங்க மூணு நாள் பீப்பாயைத் தூக்கித் தூக்கி நிறுத்தாங்க. பார்த்துக்கங்க, எங்க ஒப்பந்தம் எவ்வளவு கறாரானதுன்னு."

கூடம் சிரித்தது. இர்மா தட்டைக் கீழே வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அறுத்தது மாப்பு இல்ல," என்றாள். "அறுக்கச் சொன்னது நீங்க. இருபது வருஷம் நான் சுமந்தேன். இன்னும் நான் செத்துக்கூடப் போகல, அதுக்குள்ள தமாஷ் ஆக்கிட்டீங்க."

அஸ்த்ராதா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் லாலோ கைத்தடியை ஊன்றி எழுந்தான். முகம் சாம்பலாயிருந்தது.

"நான்தான் வெட்டினேன்," என்றான். "இன்ஜினியர் சொன்னாரு, இடுக்கியால வெட்டினேன். அவ தொடவே இல்ல."

அஸ்த்ராதா பதறவில்லை. சிரித்தார். "அட, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. சும்மா தமாஷுக்குச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்கம்மா."

இர்மா திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். ரொட்டிக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், கிராசியெலாவுக்குப் பாடம் எடுத்த டீச்சர். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எல்லாரும் தத்தம் முழங்காலைப் பார்த்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் தெரியும். அந்த மந்திரி மச்சான் ஊர் மதுக்கடையில் அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனான். தெரிந்துகொண்டேதான் அவளை அந்தப் பாடு படுத்தினோம். வேலை போன ஆத்திரத்தைக் கொட்ட டைரக்டர் கைக்கெட்டவில்லை, இவள் எட்டினாள்.

"தெரியுமா," என்றாள் இர்மா. குரல் உயரவில்லை. பிறகு மேடைப் பக்கம் திரும்பினாள். "அப்போ மைக்குல சொல்லுங்க. என் பேரைச் சொல்லி, அவ செய்யலன்னு சொல்லுங்க."

"தாராளமா," என்றார் அஸ்த்ராதா. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "நம்ம ஆலையில வேலை பார்த்த..." என்று ஆரம்பித்து நின்றார். பக்கத்திலிருந்த விழாக்குழுப் பெண்ணிடம் குனிந்து பேரைக் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

லாலோ வாயைத் திறந்தான்.

"நீ சொல்லாத லாலோ," என்றாள் இர்மா. "யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க. காகிதத்துல என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டாரே, அவரே ஞாபகப்படுத்திக்கிட்டுச் சொல்லட்டும்."

முன்வரிசையில் காலியாயிருந்த ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அஸ்த்ராதா மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.