புதன்கிழமை, காலையா மத்தியானமா?

இரண்டு வருடங்களுக்கு முன், பர்மாவின் யாங்கூனில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து கடைகள் மறுபடி திறந்த வாரத்தில் இது ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது அங்கே பபேடான் வட்டாரத்தில், மூன்றாவது மாடியில். என் கணவர் அடுத்த தெருவில் ஒரு துணிக்கடையில் இருபது வருடமாகத் துணி அளந்து கொடுக்கிறார். நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன்.

இந்த ஊர் ஆண்களுக்கு இங்கிலாந்துக் கால்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஆளுக்கொரு பெரிய டீம் வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு வாய்த்தது மட்டும் யாரும் சீண்டாத ஒரு சின்ன ஊர் கிளப். கல்யாணமான புதிதில், வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை பிரிக்கிற இடத்தில் ஒரு சட்டை வாங்கினார். விலை மலிவு, உடம்புக்கும் சரியாக இருந்தது. அதன் பிறகுதான் மார்பில் இருந்த முத்திரை யாருடையது என்று விசாரித்தார். ஊரில் எல்லோரும் கட்சியில் சேர்ந்த பிறகு கொடி வாங்குவார்கள். இவர் சட்டைக்காகக் கட்சி சேர்ந்தவர். கால்பந்தில் எனக்கு ஆர்வம் கிடையாது என்பதால் நான் கேலி செய்வதோடு சரி.

வீட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆட்டம் பார்ப்பதெல்லாம் ஜெனரேட்டர் வைத்திருக்கும் முனை டீக்கடையில்தான். அங்கே அந்த கிளப்புக்கு மொத்தமே நான்கு பேர். இவரும், பர்மியர்கள் மூன்று பேரும். மூவரில் ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறவர். "உனக்கும் அந்த ஊருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று இவரைக் கேட்காத ஆள் இல்லை. பதில் தெரியாமல் சிரித்துவிட்டு வருவார்.

அந்த வருடம் கிளப் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. சீசன் முடியும்போதும் அங்கேயே இருந்தால் கீழ் லீகுக்கு இறக்கிவிடுவார்கள். கீழ் லீக் ஆட்டத்தை டீக்கடைக்காரர் போடமாட்டார். அப்புறம் இவர்கள் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அந்த டீமைப் பார்க்கவே முடியாது. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் வந்து என்னிடம், "இந்தாம்மா, நம்ம கிளப்பு என்ன கெழமையில பொறந்துச்சுன்னு பாத்துச் சொல்லேன். இங்கிலீசு உனக்குத்தானே தெரியும்" என்றார்.

பர்மியர்களுக்குப் பிறந்த தேதியைவிடக் கிழமைதான் முக்கியம். பகோடா என்கிற புத்தர் கோயிலைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு புத்தர் சிலையும் அந்தக் கிழமைக்குரிய விலங்கும் இருக்கும். கஷ்டம் வந்தால் அவரவர் மூலைக்குப் போய், வயதுக்கு ஒரு குவளை, மேலே ஒன்று என்று தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே இருக்கிற தமிழர்கள் நாங்களும் ஊற்றுவது உண்டு. ஆனால் ஒரு கிளப்புக்கு ஊற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. அது டாக்ஸிக்காரரின் யோசனையாம்.

எனக்கு முன்னால் திருத்தவேண்டிய நோட்டுகள் மலையாகக் கிடந்தன. தலையை நிமிர்த்தாமல், "சனிக்கிழமை" என்றேன். சனிக்கிழமைதானே பந்து விளையாடுகிறார்கள், அன்றைக்கே பிறந்திருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

"அதானே பாத்தேன்! சனியில பொறந்தா படாதபாடு படத்தானே வேணும்" என்று எழுந்து போனார். நான் சிரித்துக்கொண்டே அடுத்த நோட்டை எடுத்தேன்.

இரண்டு வாரம் ஊற்றினார்கள். இரண்டு ஆட்டமும் தோல்வி. இவர் போதாததற்குக் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கும் ஏற்ற ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் கடைத்தெருவுக்குப் போன நான், அப்படியே சூலே பகோடாவுக்குள் நுழைந்து பார்த்தேன். வெயிலில் தரை அடுப்பாகக் கொதித்தது. சனி மூலையில் நாக உருவத்துக்கு முன்னால் நான்கு பேரும் வெறுங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, முறைபோட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முத்திரையில் போட்டிருந்த வருடப்படி கிளப்புக்கு வயது நூற்று முப்பதுக்கு மேல். டாக்ஸிக்காரர் எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். இவர் நிறம் போன அந்தச் சட்டையைப் போட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் மற்றவர்களிடம் பெருமையாகக் காட்டினார். "இவ சொல்லலேன்னா நமக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே கிளப்பின் இணையப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். ஒரு மாதா கோயிலின் பாட்டுக் குழுப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தார்கள் என்று இரண்டே வரி. கிழமை இல்லை. கீழே, வரலாற்றைத் தொகுப்பவர் என்று ஒருவரின் மின்னஞ்சல் இருந்தது. எழுதிக் கேட்டேன். ஓய்வு பெற்ற மனிதர் போலிருக்கிறது, மறுநாளே பதில் வந்துவிட்டது. முதல் கூட்டம் நடந்தது ஒரு புதன்கிழமையாம்.

இவரிடம் உண்மையைச் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "அப்ப ரெண்டு வாரமா எவன் வீட்டுப் புள்ளைக்கோ தண்ணி ஊத்தியிருக்கோம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டீக்கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். டாக்ஸிக்காரர் கேட்டாராம், புதன் காலையா, மத்தியானமா என்று. அது எனக்கே உறைக்காமல் போய்விட்டது. பர்மியர் கணக்கில் புதன் மட்டும் இரண்டு கிழமை. காலையில் பிறந்தால் தந்தமுள்ள யானை. பன்னிரண்டு மணிக்கு மேல் பிறந்தால் அது ராகு. தந்தமில்லாத யானை, மூலையும் வேறு.

மறுபடி எழுதினேன். ஏன் கேட்கிறேன் என்பதையும் வெட்கத்தோடு விளக்கினேன். இந்த முறை பதில் இல்லை. பைத்தியம் என்று நினைத்துவிட்டார் போல என்றிருந்தேன். தப்பான மூலையில் ஊற்றக்கூடாது என்று இவர்களும் ஊற்றாமல் காத்திருந்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஒரு நீளமான கடிதம் வந்தது.

இத்தனை வருடத்தில் யாரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். பதில் தெரியாததால் ஊர் நூலகத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியிருக்கிறார். கூட்டத்துக்கான அறிவிப்பே அதில் இருந்திருக்கிறது. மத்தியானம் இரண்டரை மணி. அதைப் பார்த்ததும் அவருக்கே குழப்பமாம். பாட்டுக் குழுப் பையன்கள் எல்லாம் மில்லில் வேலை பார்த்தவர்கள். வேலைநாளில் இரண்டரை மணிக்கு அவர்கள் எப்படி வந்திருக்க முடியும்? இன்னும் தோண்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த ஊர்க் கடைகளுக்குப் புதன்கிழமை மத்தியானம் அரைநாள் விடுமுறை. சனிக்கிழமை ஊரே விளையாடும்போது கடைச் சிப்பந்திகள் கல்லாவை விட்டு நகர முடியாது. அதனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கியிருக்கிறார்கள். பாட்டுக் குழு பிற்பாடு வந்து சேர்ந்ததுதானாம். அறிவிப்பின் அடியில் இருந்த பெயர், துணிக்கடையில் வேலை பார்த்த ஒருவருடையது.

இதை நான் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இவர் கடையிலிருந்து வந்த கோலத்தில், அளவு நாடா கழுத்தில் தொங்க, நின்றுகொண்டே கேட்டார்.

"கடையில வேல பாத்தவங்களா?"

"ஆமாங்க."

"துணிக் கடையிலயா?"

"கூட்டம் கூட்டினவர் துணிக்கடைதாங்க."

அப்படியே உட்கார்ந்தார். "நம்ம ஆளுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சீசன் முடிய ஒரே ஆட்டம் பாக்கி. அதற்கு முந்தின புதன்கிழமை மத்தியானம் முதலாளியிடம் லீவு கேட்டார். முதலாளி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்து பாய், எல்லாக் கோப்பையும் வாங்கும் ஒரு பெரிய டீமின் ஆள். கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்து மொதலாளியே குடுத்த லீவு, நான் மறுத்தா நல்லாருக்குமா? போய்ட்டு வாங்க" என்றாராம். ராகு மூலையில் நானும் நின்றேன். நூற்று முப்பத்துச் சொச்சத்தில் முப்பது குவளை என் பங்கு.

கிளப் தோற்றது. கீழ் லீகுக்கு இறங்கியும் விட்டது. நான் பதறிக்கொண்டு காத்திருந்தால், மனிதர் அமைதியாக வந்து சோறு கேட்டார். இப்போது நான்கு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து, சிக்னல் வரும்போது ஒரே போனில் ஸ்கோர் பார்க்கிறார்கள். என்ன சம்பந்தம் என்று கேட்டால் சொல்ல இவரிடம் பதில் இருக்கிறது. கேட்டவர் போதும் போதும் என்று சொல்லும்வரை சொல்கிறார்.

கிளப்பின் பக்கத்தில் அந்த இரண்டு வரியை மாற்றிவிட்டார்கள். பாட்டுக் குழு இரண்டாவது பத்திக்குப் போய்விட்டது. யாங்கூனிலிருந்து வந்த ஒரு கேள்வியால் தெரியவந்தது என்றும் போட்டிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்டது இவரும் டாக்ஸிக்காரரும்தான், நான் இல்லை. நான் வாய்க்கு வந்த பதிலைச் சொன்னவள். என்னிடம் யாராவது எதையாவது கேட்டால், அது எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், இப்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன்.